படியேறும் கைக்கு ஒரு பிடி: சுங்கைப்பட்டாணி வீடுகளும் கட்டட விதிகளும்

கெடா ரப்பர் தோட்டங்களின் லயத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மாடி கிடையாது. வாசலில் இரண்டு படி இருக்கும், மிஞ்சினால் மூன்று. விடிவதற்கு முன்னே தலைவிளக்கோடு மரம் வெட்டப் போனவர்களும், நிறைந்த பால் வாளிகளைக் காண்டா எனும் தோள்கம்பில் தொங்கவிட்டுச் சுமந்தவர்களும் சறுக்கி விழுந்ததெல்லாம் வீட்டுக்கு வெளியேதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்பு நிலங்களாக மாறியபோது அந்தக் குடும்பங்களில் பல சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கு வந்தன. பாக்கார் ஆராங் அப்படிப்பட்ட வட்டாரங்களில் ஒன்று. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் வரிசை வீடுகளும் கடைவீடுகளும் அடுக்குமாடிகளும். இங்கே வந்தபிறகுதான் ஒரு முழுத் தலைமுறை முதல்முறையாகத் தன் வீட்டுக்குள்ளேயே பதினெட்டுப் படி ஏறி இறங்கத் தொடங்கியது. நாற்பது வயதில் அது பெருமையாக இருந்தது. எழுபத்தைந்து வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, அந்தப் படிக்கட்டுதான் வீட்டிலேயே மிக ஆபத்தான இடம்.

மலேசியாவின் கட்டட விதிகள் நான்குக்கும் குறைவான படிகள் கொண்ட படிக்கட்டுக்குக் கைப்பிடி தேவையில்லை என்கின்றன. லயத்து வாசலின் மூன்று படி அந்த விலக்குக்குள் அடங்கிவிடும். மாடிவீட்டின் பதினெட்டுப் படி அடங்காது. அந்தப் படிக்கட்டில் கைப்பிடிக்கம்பி இருக்க வேண்டும், அது இன்ன உயரத்தில் இருக்க வேண்டும், சுவரிலிருந்து இவ்வளவுக்கு மேல் நீளக்கூடாது என்று விதி எண்களில் பேசுகிறது. அந்த எண்கள் வரைபடத்தில் சரியாக இருக்கின்றன, வீட்டைச் சாவியோடு ஒப்படைக்கும் நாளிலும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. அதற்குப் பிறகான முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தக் கம்பி என்ன ஆகிறது என்பதைத்தான் நம் ஏற்பாடுகள் கவனிக்கத் தவறுகின்றன. வீட்டுக்காரர் அதைக் கழற்றி அழகான வேறொன்றைப் போடுகிறார், அடியில் துரு ஏறுகிறது, போல்ட் தளர்கிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், பெரியவர்கள் தளர்கிறார்கள். கைப்பிடியின் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவது. நாமோ அதை ஒரே ஒரு நாளில் சோதித்து முடித்துக்கொள்கிறோம்.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆம் எண் சட்டம்தான் இந்த விதிகளின் தாய்ச்சட்டம். உபவிதிகளை இயற்றும் அதிகாரத்தை அது மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. அதன்கீழ் வந்தவை 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள். கட்டுமானத் துறையில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, யூபிபிஎல் என்றால் போதும். அதைக் களத்தில் அமலாக்கும் பொறுப்பு உள்ளூராட்சியுடையது. பாக்கார் ஆராங்குக்கு அது சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகம்.

படிக்கட்டைப் பற்றிய முக்கியமான மூன்று உபவிதிகள் 106, 107, 108. முதலாவது படியின் அளவைச் சொல்கிறது. ஒரு படியின் உயரம் 180 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 255 மி.மீ.க்குக் குறையக்கூடாது, எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எளிதாக எண்ணிவிடக்கூடாது. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த அளவைப் பழகிக்கொள்கிறது, பிறகு கண் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு படி மட்டும் இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தால் அங்கேதான் இடறும். வீட்டுக்குப் புதிதாக டைல்ஸ் பதிக்கும்போது முதல் படியும் கடைசிப் படியும் மாறிப்போவது இப்படித்தான். கீழ்த்தளத்தின் மேல் டைல்ஸ் ஏறியதும் முதல் படி குட்டையாகிவிடும், அந்த மாற்றத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல், படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு நடைக்குச் சமமாக வர வேண்டும் என்று கணக்குச் சொன்னார். மலேசிய விதியின் எல்லை அளவுகளை அதில் போட்டால் 615 மி.மீ. வருகிறது, நிதானமான நடைக்கு ஏற்ற அளவு. தனி வீடுகளுக்கு 220 மி.மீ. உயரம், 220 மி.மீ. அகலம் வரை அனுமதிக்கும் இங்கிலாந்தின் விதியோடு ஒப்பிட்டால் நம்முடையது கண்டிப்பானது, நல்லது. 3.2 மீட்டர் தள உயரமுள்ள வரிசை வீட்டில் இந்தக் கணக்கின்படி பதினெட்டுப் படிகள் வரும், தரையில் நான்கே கால் மீட்டருக்குச் சற்று மேல் நீளம் பிடிக்கும். இருபதடி அகலமுள்ள வீட்டில் இது பெரிய இடம்தான். பின்கட்டை நீட்டிக் கட்டும்போதும், சேமிப்பறைக்கு மேலே ஒரு பரண் அறை எழுப்பும்போதும் வீட்டுக்காரர்கள் முதலில் திருடுவது இந்த இடத்தைத்தான். படிகள் செங்குத்தாகின்றன, ஏணிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஏதோவொன்று உருவாகிறது.

107ஆவது உபவிதி கைப்பிடிக்கு உரியது. நான்கு படிக்குக் குறையாத எந்தப் படிக்கட்டுக்கும் ஒரு கைப்பிடியாவது வேண்டும். படிக்கட்டின் அகலம் 1,100 மி.மீ.யைத் தாண்டினால் இருபுறமும் வேண்டும். ஏறத்தாழ 2,200 மி.மீ.யைத் தாண்டினால் நடுவிலும் வேண்டும். சுவரிலிருந்து கைப்பிடி 100 மி.மீ.க்கு மேல் துருத்தக்கூடாது. படியின் முன்விளிம்பிலிருந்து 825 முதல் 900 மி.மீ. உயரத்துக்குள் அது அமைய வேண்டும், இடைத்தளங்களில் 900 மி.மீ.க்குக் குறையக்கூடாது. வீடல்லாத கட்டடங்களில், பள்ளியோ கடையோ மண்டபமோ, அகலம் 1,100 மி.மீ. ஆனாலே இருபுறமும் கைப்பிடி கட்டாயம்.

நடுவில் ஒரு கைப்பிடி எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கல்யாண மண்டபத்தின் அகலமான படிக்கட்டில் அது பார்வைக்குக் குறுக்கே நிற்கிறது என்று அதை எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் 1943 மார்ச் 3 இரவு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்க்காலம், விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலி கேட்டு மக்கள் சுரங்கத்துக்குள் ஒதுங்க வந்தார்கள். பத்தடி அகலமுள்ள 19 படிகள். நடுவில் கைப்பிடி இல்லை, மங்கலான ஒரே விளக்கு, மழையில் நனைந்த படிகள். கீழே குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் இடறி விழ, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். 173 பேர் இறந்தார்கள், அவர்களில் 62 பேர் சிறுவர். அன்று அந்த இடத்தில் ஒரு குண்டுகூட விழவில்லை. நுழைவாயிலை மாற்றியமைக்கப் பணம் வேண்டுமென்று உள்ளூர் மன்றம் முன்பே கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு நடுவில் கைப்பிடி வந்தது. பத்தடி என்றால் 3 மீட்டருக்குச் சற்று மேல். நம் 107ஆவது உபவிதி அன்று அங்கே இருந்திருந்தால் நடுக்கம்பி கட்டாயம். கூட்டத்தின் நடுவே இறங்குபவருக்கு இருபுறச் சுவர்க் கைப்பிடிகளும் எட்டாது, அவர் பிடித்துக்கொள்ள முன்னால் போகிறவரின் தோள்தான் இருக்கும்.

மலையேறிப் போகும் கோயில்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பினாங்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள், பத்துமலைக்கு 272 படிகள். கெடாவிலிருந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. காவடி எடுப்பவருக்கு இரண்டு கையும் காவடியில் இருக்கும், கைப்பிடி அவருக்கு உதவாது. ஆனால் அவரைச் சுற்றி வருகிற பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அதுவே துணை. 108ஆவது உபவிதி, வீடல்லாத கட்டடங்களில் பதினாறு படிக்கு ஒருமுறை இடைத்தளம் வேண்டும் என்கிறது. மூச்சு வாங்கி நிற்க இடம் கிடைப்பது அதன் ஒரு பயன். விழுந்தால் பதினாறு படியோடு நின்றுவிடும் என்பது மற்றொன்று. இதே உபவிதி வீடுகளுக்கு மட்டும் 4.25 மீட்டர் உயரம் வரை இடைத்தளமே இல்லாமல் போக இடம் கொடுக்கிறது. 180 மி.மீ. கணக்கில் அது 23 படி. முதியவரும் பச்சைக் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில்தான் விதி மிக நீண்ட விழுதலுக்கு வழி விடுகிறது. இதை ஒரு குறை என்றே சொல்ல வேண்டும்.

வீட்டுப் படிக்கட்டின் அகலம் பொதுவாக 1,100 மி.மீ.க்குக் குறைவு. ஆகவே ஒரே பக்கம் கைப்பிடி வைத்தால் சட்டம் நிறைவேறிவிடுகிறது. பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துபோன ஒருவரை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி ஏறும்போது இடப்புறம் இருந்தால் அவரால் ஏற முடியும். மேலே போனபிறகு அதே கைப்பிடி இறங்கும்போது வலப்புறம் ஆகிவிடும், அவரால் பிடிக்க முடியாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கவாதத்துக்குப் பிறகு பெரியவர்களின் கட்டிலைக் கீழ் வரவேற்பறைக்கு இறக்கிவிடுவதை நாம் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டோம். அவர்களில் பலருக்கு மாடிப்படியின் எதிர்ச் சுவரில் இன்னொரு குழாய் இருந்தாலே போதும், சொந்த அறையில் படுத்துக்கொள்ளலாம்.

நாம் பேச்சில் 'ரேலிங்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் இரண்டு பொருள்களை. ஒன்று கை பிடிப்பதற்கு, மற்றது உடல் விளிம்பைத் தாண்டாமல் தடுப்பதற்கு. கைப்பிடிக்கம்பியின் அளவைக் கை தீர்மானிக்கிறது, தடுப்பின் அளவை உடலின் எடையும் குழந்தையின் தலையும் தீர்மானிக்கின்றன. சுங்கைப்பட்டாணி வெல்டிங் கடைகளில் செய்து வாங்கப்படும் மாடிப்படித் தடுப்புகளில் பல, தடுப்பு வேலையை ஓரளவு செய்துவிடுகின்றன. பிடிக்கும் வேலையில்தான் தோற்கின்றன. மேலே 50 மி.மீ. சதுரக் குழாயைப் பொருத்தினால் அதைச் சுற்றி வர 200 மி.மீ. ஆகிறது. சராசரிப் பெண்ணின் விரல்கள் அதைச் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடாது. 40 மி.மீ. உருண்டைக் குழாயைச் சுற்றி வர 126 மி.மீ.தான், விரல்கள் பூட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் அணுகத்தக்க கட்டடங்களுக்கான உலகத் தரவிதியான ஐஎஸ்ஓ 21542, கைப்பிடியின் குறுக்களவு 35 முதல் 45 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் முட்டி நுழைய 40 மி.மீ.யாவது வேண்டும். முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மி.மீ. நீள வேண்டும். இந்த முந்நூறு மில்லிமீட்டரைத்தான் நம் வீடுகளில் முதலில் வெட்டிவிடுகிறார்கள். இறங்கும்போது கடைசிப் படிதான் கண்ணை ஏமாற்றும், அந்த இடத்தில் கம்பி ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. டொரண்டோவில் பிரையன் மாக்கி குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, தடுமாறும் உடல் தன்னை நிலைநிறுத்த எந்த உயரத்துக் கைப்பிடியில் அதிக விசை கிடைக்கிறது என்று அளந்து பார்த்தது. அன்று அமெரிக்காவில் வழக்கிலிருந்த 76 முதல் 86 செ.மீ. உயரத்தைவிட 90 செ.மீ.க்கு மேற்பட்ட உயரம் கைகொடுத்தது. பிறகு அமெரிக்க விதிகள் 86 முதல் 97 செ.மீ. என்று உயர்ந்தன. நம் விதி 825 முதல் 900 மி.மீ. என்று ஓர் இடைவெளி தருகிறது. புதிதாகப் போடுபவர் 900ஐத் தேர்ந்தெடுப்பதே நல்லது, விதியும் மீறப்படாது. பள்ளிகளில் 600 முதல் 750 மி.மீ. உயரத்தில் கீழே இன்னொரு கம்பி ஓடினால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கை எட்டும். தோட்டத்தின் ஒற்றைத்தளப் பலகைக் கட்டடத்திலிருந்து மாடிக் கட்டடத்துக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் கெடாவில் உண்டு. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கம்பியைத்தான்.

இனித் தடுப்பின் வலு. இதைப் பற்றி வீட்டுக்காரருக்கும் வெல்டருக்கும் நடுவே பேச்சே நடப்பதில்லை, ஆனால் உயிர் தங்கியிருப்பது இதில்தான். மலேசியப் பொறியாளர்கள் நெடுங்காலம் கையாண்ட பிரிட்டிஷ் தரவிதி 6399, ஒரு குடும்பம் மட்டும் புழங்கும் வீட்டின் உட்படிக்கட்டுத் தடுப்பு மீட்டருக்கு 0.36 கிலோநியூட்டன் பக்கவிசையைத் தாங்க வேண்டும் என்றது. ஏறத்தாழ 37 கிலோ எடை. வெளி பால்கனிக்கும் அடுக்குமாடியின் பொது நடைபாதைக்கும் 0.74, அதாவது 75 கிலோ. கூட்டம் நெருக்கும் இடங்களுக்கு 3, அதாவது முந்நூறு கிலோவுக்கு மேல். 37 கிலோ கொஞ்சமாகத் தோன்றும். அது கம்பியின் உச்சியில் தள்ளுகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு மீட்டர் உயரத் தடுப்பு, தூண்களுக்கு நடுவே 1.2 மீட்டர் இடைவெளி, பால்கனிக்குரிய 0.74 விசை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தூணின் அடியிலும் 0.89 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புவிசை சேர்கிறது. தூணின் கீழ்த்தகட்டில் இழுவையைத் தாங்கும் போல்ட்டுகளுக்கும் அழுந்தும் விளிம்புக்கும் நடுவே 80 மி.மீ. தூரம் என்றால், அந்த போல்ட்டுகளை மேல்நோக்கி இழுக்கும் விசை 11 கிலோநியூட்டன். ஒரு டன்னுக்கும் மேல். கடப்பாரையின் நுனியில் லேசாக அழுத்தினால் மறுமுனையில் பாறை அசைவது போன்ற கணக்கு இது. மேலே ஒருவர் சாய்ந்து நிற்கிறார், கீழே இரண்டு போல்ட்டுகள் ஒரு டன்னைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த போல்ட் நல்ல காங்கிரீட்டில் விளிம்பிலிருந்து போதிய தூரம் தள்ளி இறங்கியிருந்தால் தாங்கும். டைல்ஸுக்கும் பூச்சுக்கும் மட்டுமே இறங்கியிருந்தாலோ, செங்கல் கைப்பிடிச்சுவரின் தலையில் பொருத்தியிருந்தாலோ பெயர்ந்துகொண்டு வரும். பழைய தடுப்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது, பழைய ஓட்டைக்கு ஒட்டினாற்போல் புது ஓட்டை போடுவது வழக்கம். இரண்டு ஓட்டைக்கும் நடுவே மிஞ்சுவது உதிர்ந்த காங்கிரீட்.

துரு இன்னொரு எதிரி. மெல்லிரும்புச் சதுரக் குழாய் வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளிருந்து அழியும். தரை கழுவும் தண்ணீரும் சாரல் மழையும் அடித்தகட்டில் தேங்கி நிற்கும், குழாய் தரையைத் தொடும் கடைசி ஓர் அங்குலம்தான் முதலில் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுவிட்டால் கவலையில்லை என்று நினைப்பதும் முழுச் சரியில்லை. 304 என்ற தரமும் 201 என்ற தரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், விலைதான் வேறு. 201இல் நிக்கல் குறைவு. வெல்டிங் இணைப்புகளில் பழுப்புக் கறை முதலில் அங்கேதான் படரும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. விலைப்பட்டியலில் எந்தத் தரம் என்று எழுதி வாங்குவதே வீட்டுக்காரருக்கு இருக்கும் ஒரே காப்பு.

கூட்டத்தின் எடையைக் கணக்கில் எடுக்காத கட்டடம் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் மறந்திருக்க முடியாது. சுங்கைப்பட்டாணிக்குத் தெற்கே பட்டர்வொர்த்தில், சுல்தான் அப்துல் ஹலிம் பெர்ரி துறைமுகத்தின் மேல்தளம் 1988 ஜூலை 31 மாலை இடிந்து விழுந்தது. திருவிழாவுக்குப் பினாங்குத் தீவுக்குப் போகவும் வரவும் நின்ற பெருங்கூட்டம். 32 பேர் இறந்தார்கள், 1,634 பேர் காயமடைந்தார்கள். அங்கே போனது தளம், கைப்பிடி இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஒரு கட்டமைப்பு வழக்கமான நாளுக்குப் போதுமானதாக இருப்பதும் திருநாளுக்குப் போதுமானதாக இருப்பதும் வெவ்வேறு. வீட்டு மாடியில் நின்று சாமி ஊர்வலம் பார்க்கப் பத்துப்பேர் ஒரே பக்கம் சாயும் பால்கனி, அந்த ஒரு மணிநேரத்துக்கு வீடாக இருப்பதில்லை, கூட்டம் கூடும் இடமாகிவிடுகிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது குரல் சற்று உயர்வதை என்னால் தவிர்க்க முடியவில்லை. அடுக்குமாடியிலிருந்து குழந்தை விழுந்து இறந்தது என்ற செய்தி மலேசியாவில் திரும்பத் திரும்ப வருகிறது. செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றே: 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31ஆவது பிரிவின்கீழ், கவனக்குறைவுக்காக விசாரணை. விசாரிக்கப்படுபவர் தாய் அல்லது தந்தை. அந்தச் சன்னலின் அடிவிளிம்பு எவ்வளவு உயரம், தடுப்பில் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஏறுவதற்கு வாகாகக் கிடைக்கம்பிகள் இருந்தனவா என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருண்டை தடுப்பின் எந்த இடைவெளியிலும் நுழையக்கூடாது என்பது விதி. தவழும் குழந்தையின் தலையை மனத்தில் வைத்துப் போட்ட அளவு அது. பால்கனித் தடுப்பு சிங்கப்பூரில் ஒரு மீட்டர், இங்கிலாந்தில் 1.1 மீட்டர். உயரம் சரியாக இருந்தும் கம்பிகள் கிடையாக ஓடினால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. இன்று அழகு என்று விற்பனையாகும் வடிவம் அதுதான்: மேலிருந்து கீழாக ஐந்தாறு கிடைக்குழாய்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நெடுக்குக் கம்பிதான் போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கிரில் போட்டு முழுவதும் மூடிவிடுவது நம் வீடுகளின் பொதுவான பதில். திருட்டுக்கும் அது பதில், விழுதலுக்கும் பதில். தீக்கு மட்டும் அது பொறி. பூட்டிய கிரிலுக்குள் சிக்கிக் குடும்பங்கள் மாண்ட தீவிபத்துகளை இந்த நாடு கண்டிருக்கிறது, தீயணைப்புத் துறை சாவியை எட்டும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு சன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கதவு கிரிலில் இருக்க வேண்டும், அதன் கொண்டி குழந்தைக்கு எட்டாத, பெரியவருக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வெல்டரிடம் சொல்லிச் செய்யக்கூடிய வேலைதான்.

நியூயார்க் நகரம் இதில் பின்பற்றத்தக்க ஒன்றைச் செய்தது. 1970களின் தொடக்கத்தில் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகள் சன்னலிலிருந்து விழுவதைக் கண்ட நகரச் சுகாதாரத் துறை, 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், எளிதில் பொருத்தக்கூடிய சன்னல் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையே பதிவான விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 1976இல், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வசிக்கும் வாடகை வீட்டுக்கு உரிமையாளரே தடுப்புப் போட வேண்டும் என்று நகரம் விதித்தது. சிங்கப்பூரும் 2004இல் பழைய வீடுகளுக்குள் சட்டத்தை நீட்டியது: சன்னல்களின் அலுமினிய ஆணிகளை மாற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி போட வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குக் கட்டளை வந்தது. குடியேறிய பிறகும் வீட்டின் பாதுகாப்புப் பொதுக் காரியமே என்பதை இரண்டு நகரங்களும் ஏற்றுக்கொண்டன.

நம்மிடம் இருக்கும் ஏற்பாடு வேறு. 2007 ஏப்ரல் 12 முதல், முன்பு உள்ளூராட்சி கொடுத்த 'சிஎப்' எனும் குடிபுகு தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தாமே சிசிசி எனும் நிறைவுச் சான்றிதழைக் கொடுக்கிறார். அதற்குப் பின்னால் ஒவ்வொரு வேலைக்கும் யார் பொறுப்பு என்று கையெழுத்திட்ட 21 படிவங்கள் உண்டு. பொறுப்பைப் பெயர் சொல்லிக் காட்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கையெழுத்துகள் ஒப்படைத்த நாளின் கட்டடத்துக்கு உரியவை. அதன்பின் கட்டடத்தை மாற்றியமைக்க 133ஆம் எண் சட்டத்தின் 70ஆவது பிரிவின்கீழ் நகராண்மைக் கழகத்தின் முன் அனுமதி வேண்டும். பின்கட்டை நீட்டுபவர் சிலர் விண்ணப்பிக்கிறார்கள். மாடித் தடுப்பை மாற்றுபவர் அப்படி ஒரு அலுவலகம் இருப்பதையே நினைப்பதில்லை.

ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் 1993 டிசம்பர் 11இல் சரிந்து 48 பேர் இறந்த பிறகு அதே சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டடத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு சோதிக்க உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரம் அது. ஐந்து மாடியைத் தாண்டிய கட்டடங்களுக்குத்தான் அது பொருந்தும். சுங்கைப்பட்டாணியின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்கள் இந்த வலைக்கு வெளியே நிற்கின்றன. 1980களில் 25,000 ரிங்கிட் விலைக்கு விற்ற தலைமுறைக் கட்டடங்கள் அவை, இன்று நாற்பதை நெருங்குபவை. மின்தூக்கி இல்லாததால் அங்கே வசிக்கும் ஒவ்வொருவரும் தினமும் பொதுப் படிக்கட்டையும் அதன் கைப்பிடியையும் நம்பித்தான் ஏறி இறங்குகிறார்கள். படிக்கட்டை மிக அதிகமாகப் பயன்படுத்தும் கட்டடத்துக்கு மறுசோதனை இல்லை. சட்டத்தில் திருத்தம் வர வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து. கட்டமைப்பு முழுவதையும் சோதிக்காவிட்டாலும், மின்தூக்கி இல்லாத எல்லா அடுக்குமாடிகளிலும் பொதுப் படிக்கட்டுத் தடுப்பையும் நடைபாதைத் தடுப்பையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தள்ளிப் பார்த்துப் பதிவு செய்யலாம். அடுக்குமாடி நிர்வாகத்துக்கென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் நிர்வாக அமைப்புகளும் இருக்கின்றன. மாதக் கட்டணம் பாதி வீடுகளிலிருந்து வராத குடியிருப்பில் இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு மாநில அரசும் நகராண்மைக் கழகமும்தான் பதில் சொல்ல வேண்டும், நான்காம் மாடிக் கிழவியின் தலையில் கட்டக்கூடாது.

வெல்டிங் கடைகளை இந்தப் பேச்சில் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. அவர்கள் கேட்டதைச் செய்பவர்கள், கேட்பவருக்கு எண் தெரியாது. நகராண்மைக் கழகம் ஒரே பக்கத்தில் ஒரு தாளை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொடுத்தால் பாதி வேலை முடியும்: படியின் முன்விளிம்பிலிருந்து 900 மி.மீ., உருண்டைக் குழாய் 40 மி.மீ., இடைவெளி 100 மி.மீ.க்குள், நெடுக்குக் கம்பி, போல்ட் காங்கிரீட்டுக்குள். கடைக்காரர் அந்தத் தாளைக் காட்டித் தன் விலையையும் நியாயப்படுத்தலாம்.

இவை எல்லாம் நடக்கும்வரை ஒரு குடும்பம் தன் கையாலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதிர்ச் சுவரில் இரண்டாவது கைப்பிடி. 3.2 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பதினெட்டுப் படியின் சாய்வு நீளம் 5.4 மீட்டர், இருமுனையிலும் 300 மி.மீ. சேர்த்தால் ஆறு மீட்டர். இரும்புக் கடையில் குழாய் இருபதடி நீளத்தில்தான் வரும், அது 6.1 மீட்டர். ஒரு குழாய், ஏழு தாங்கிகள், செங்கல் சுவரில் நன்றாக இறங்கும் திருகாணிகள் போதும். ஒரு காலைப்பொழுது வேலை.